‘தமிழகத்தை மீட்போம்’: நெல் மூட்டையோடு காத்திருக்கும் டெல்டாவில் எடப்பாடியின் முழக்கம் எடுபடுமா?

‘மக்களைக் காப்போம், தமிழகத்தை மீட்போம்’. 2025 ஜூலை 7ஆம் தேதி கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தில் அதிமுக பொதுச்செயலாளர் எடப்பாடி பழனிசாமி இந்த முழக்கத்தோடு சுற்றுப்பயணத்தைத் தொடங்கினார். அதே மாதத்தின் பிற்பாதியில் அவருடைய பிரசார வேன் மயிலாடுதுறை, நாகை, திருவாரூர், தஞ்சாவூர் என்று காவிரி டெல்டாவைச் சுற்றி வந்தது.

முழக்கம் வந்த வேகத்திலேயே கேள்வியும் வந்துவிட்டது. யாரிடமிருந்து மீட்கப் போகிறார்? திமுக ஆட்சியிடமிருந்து என்பது அதிமுகவின் பதில். 2025 ஏப்ரலில்தான் பாஜகவுடன் மறுபடி கூட்டணி சேர்ந்திருந்தார் எடப்பாடி. முதலில் கட்சியை பாஜகவிடமிருந்து மீட்டுவிட்டு வரட்டும் என்று திமுக தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. சமூக வலைதளங்களில் சில நாள் இந்தச் சண்டைதான் ஓடியது.

ஆனால் டெல்டாவில் ‘மீட்பது’ என்று சொன்னால் முதலில் ஞாபகம் வருவது வேற விஷயம். நகை.

நடவுக்கு முன்னால் கூட்டுறவுச் சங்கத்திலோ பேங்கிலோ நகையை வைப்பார்கள். அறுவடை முடிந்து நெல் பணம் வந்ததும் மீட்பார்கள். பணம் வரலைன்னா வட்டியைக் கட்டி மறுபடி வைப்பார்கள். தஞ்சாவூர் பக்கம் பல வீடுகளில் வருஷம் முழுக்க இப்படித்தான் ஓடுகிறது. எந்தக் கட்சி ‘மீட்போம்’ என்று வந்தாலும் அந்த வீடுகளில் இந்தக் கணக்கோடுதான் அதைக் கேட்பார்கள்.

இந்த நகைக் கணக்கில் இரண்டு பெரிய கட்சிகளுமே சிக்கியிருக்கின்றன. 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி அறிவிக்கப்படுவதற்குச் சற்று முன்பு, கூட்டுறவு வங்கிகளில் 6 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி என்று அன்றைய முதல்வர் பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆட்சி மாறியது. 5 பவுன் வரை தள்ளுபடி என்று வாக்குறுதி கொடுத்திருந்த திமுக ஆட்சிக்கு வந்து அதைச் செயல்படுத்தவும் செய்தது. ஆனால் யாருக்கெல்லாம் தகுதி என்று விதிமுறைகள் வந்தபோது, கடன் வைத்திருந்தவர்களில் பெரும்பகுதியினர் பட்டியலில் இல்லை. பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு நகை கைக்கு வந்தது. வராதவர்கள் அதை மறக்கவில்லை.

‘நானும் விவசாயி’, ‘நானும் டெல்டாக்காரன்’

எடப்பாடி டெல்டாவில் புது ஆள் இல்லை. அவர் முதல்வராக இருந்தபோது 2020 பிப்ரவரியில் ‘பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம்’ சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில வட்டாரங்களும் அதில் அடங்கின. இந்தப் பகுதியில் புதிதாக ஹைட்ரோகார்பன் கிணறு போன்ற திட்டங்கள் வரக் கூடாது என்பதுதான் சாரம். மீத்தேன் திட்டத்தை எதிர்த்து நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசிய மண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அடுத்த மாதமே திருவாரூரில் விவசாயிகள் சார்பில் அவருக்குப் பாராட்டு விழா நடத்தி ‘காவிரி காப்பாளர்’ என்று பட்டம் கொடுத்தார்கள். இப்போதைய முழக்கத்தில் வரும் ‘காப்போம்’ என்ற சொல்லுக்கு டெல்டாவில் இப்படி ஒரு பழைய சொந்தம் இருக்கிறது.

அதே 2020இல் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜூன் 12 அன்றே மேட்டூர் திறந்தது. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி. பச்சைத் துண்டு, குடிமராமத்து, மேடைக்கு மேடை ‘நானும் ஒரு விவசாயி’. காகிதத்தில் பார்த்தால் டெல்டா முழுக்க அதிமுகவுக்கு விழுந்திருக்க வேண்டும்.

விழவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்தில் 8, திருவாரூரில் 4, நாகையில் 3, மயிலாடுதுறையில் 3 என்று மொத்தம் 18 தொகுதிகள். 2021இல் அதிமுக ஜெயித்தது மூன்றே மூன்று: ஒரத்தநாடு, நன்னிலம், வேதாரண்யம். மீதி 15ம் திமுக கூட்டணிக்குப் போயின.

ஏன்? மத்திய அரசின் மூன்று வேளாண் சட்டங்களை அதிமுக நாடாளுமன்றத்தில் ஆதரித்தது ஒரு காரணம். பச்சைத் துண்டு போட்டவர் அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கலாமா என்ற கேள்வியை திமுக கிராமம் கிராமமாகக் கொண்டுபோனது. டிடிவி தினகரனின் அமமுக தனியாக நின்று வாக்குகளைப் பிரித்தது இன்னொரு காரணம். மூன்றாவது ஒன்று உண்டு, அதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை: டெல்டாவில் வயலில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தஞ்சாவூர், திருவாரூர், நாகை மூன்று மாவட்டங்களிலும் சாகுபடியாளர்களைவிட விவசாயத் தொழிலாளர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்குப் பிடித்துப் பயிர் செய்பவர்கள் தனி. ‘நானும் விவசாயி’ என்று மேடையில் ஒருவர் சொல்லும்போது கீழே நிற்கும் கூலிக்காரப் பெண்மணிக்கு அது தன்னைப் பற்றிய பேச்சாகக் கேட்பதில்லை. பயிர்க்கடன் தள்ளுபடியும் அப்படித்தான். கடன் வாங்க நிலமோ, அடங்கலில் பெயரோ இருக்க வேண்டுமே!

திமுக பக்கமும் இதேபோல ஓர் அடையாளம் உண்டு. 2023 ஏப்ரலில் வடசேரி உள்ளிட்ட மூன்று இடங்களின் பெயர் மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது, நானும் டெல்டாக்காரன்தான், இதற்கு அனுமதி கொடுக்க மாட்டேன் என்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் சொன்னார். சில நாட்களிலேயே மத்திய அரசு அந்த மூன்று இடங்களையும் பட்டியலில் இருந்து எடுத்தது. அந்த நேரத்தில் தடையாக எடுத்துக் காட்ட கையில் இருந்த சட்டம் எது என்றால், எடப்பாடி ஆட்சியில் வந்த அந்த 2020 வேளாண் மண்டலச் சட்டம். ஒருவர் போட்ட வேலி, இன்னொருவர் காவல் நின்றார். பெருமையை மட்டும் இருவரும் தனித்தனியாகக் கேட்கிறார்கள்.

அக்டோபர் மழையில் முழக்கத்துக்குக் கிடைத்த ஈரம்

ஜூலையில் எடப்பாடி டெல்டாவுக்கு வந்தபோது குறுவை வயலில் பச்சையாக நின்றது. மேட்டூர் ஜூன் 12இலும் கல்லணை ஜூன் 15இலும் திறந்தாகிவிட்டது. தண்ணீர்ப் பிரச்னை இல்லாத வருஷம். அந்த நேரத்தில் ‘காப்போம்’ என்பது கொஞ்சம் பொதுவான பேச்சாகத்தான் பட்டது.

அக்டோபரில் நிலைமை மாறியது. குறுவை நெல் அமோகமாக வந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில், ஊர்ப் பேச்சில் டிபிசி, மூட்டைகள் தேங்கின. வாங்கிய நெல்லை லாரி வந்து எடுத்தால்தான் அடுத்ததை வாங்க இடம் இருக்கும். லாரி வரத் தாமதம், சாக்குத் தட்டுப்பாடு என்று புகார்கள் குவிந்தன. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. களத்திலும் சாலை ஓரத்திலும் குவித்து வைத்த நெல் நனைந்து முளைவிட்டது. கைநிறைய முளைத்த நெல்லை அள்ளிக் காட்டும் காட்சி எல்லா சேனல்களிலும் ஓடியது.

எதிர்க்கட்சித் தலைவராக எடப்பாடி தஞ்சாவூர் பகுதிக்கு மறுபடி வந்தார், கொள்முதல் நிலையங்களைப் பார்த்தார், அரசு முன்கூட்டியே தயாராகவில்லை என்றார். முந்தைய ஆட்சியைவிட அதிகம் கொள்முதல் செய்திருக்கிறோம் என்றது அரசு. செறிவூட்டப்பட்ட அரிசி கலப்பதற்கான மத்திய அரசின் அனுமதி தாமதமானதால்தான் நெல் அரவைக்கு நகரவில்லை என்றும் சொன்னது. ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகத் தளர்த்தச் சொல்லி மத்திய அரசைக் கேட்டது. மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போயின.

அந்த 17 சதவீதத்தை டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். டிபிசியில் ஒரு சின்னக் கருவி இருக்கும். ஒரு பிடி நெல்லைப் போட்டால் ஈரம் எவ்வளவு என்று காட்டும். 17க்கு மேல் காட்டினால் எடுக்க மாட்டார்கள். திரும்பக் கொண்டுபோய்க் காயவைக்க வேண்டும். மழைக்காலத்தில் எங்கே காயவைப்பது? ரோட்டில்தான். காய்ந்து வரும் நேரத்தில் மறுபடி தூறல். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் தார்ப்பாய் வாடகை, காவலுக்கு ஆள், அள்ளிக் குவிக்கக் கூலி. போதாக்குறைக்கு, மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்தால்தான் எடை போடுகிறார்கள் என்ற புகார் எந்த ஆட்சியிலும் ஓய்ந்தது இல்லை. செப்டம்பர் 20 அன்று திருவாரூரில் பேசிய தவெக தலைவர் விஜய் எடுத்ததும் இந்தப் புகாரைத்தான்.

ஆக ஜூலையில் பொதுவாக இருந்த முழக்கத்துக்கு அக்டோபர் மழை ஓர் அர்த்தம் கொடுத்தது. யாரைக் காக்க வேண்டும் என்பதற்கு ஒரு முகம் கிடைத்தது: டிபிசி வாசலில் நெல்லோடு நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கும் விவசாயி. எந்த விளம்பர நிறுவனமும் இதைத் திட்டமிட்டிருக்க முடியாது.

‘விடியல்’ என்ன ஆனது?

திமுகவின் 2021 பிரசாரம் முழுக்க ஒரே சொல்லைச் சுற்றி நடந்தது: விடியல். ஜெயித்த பிறகு அதே சொல் அவர்களுக்கு எதிராகவும் திரும்பியது. ‘விடியா அரசு’ என்று எடப்பாடி சொல்லாத மேடை இல்லை. முழக்கங்களுக்கு இது சகஜம். 2016இல் ‘மாற்றம், முன்னேற்றம், அன்புமணி’ அடைந்த புகழும், கேலியும் ஞாபகம் இருக்கும். அந்தத் தேர்தலில் பாமகவுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

ஆனால் விடியல் வெறும் கேலியாக முடிந்துவிடவில்லை. நெல் விற்கிறவருக்கு அந்தச் சொல்லோடு ஒட்டி வந்தது குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்ற வாக்குறுதி. அது நிறைவேறியது 2025 செப்டம்பர் 1 முதல், அதாவது ஐந்தாவது ஆண்டில். சாதாரண ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2,369, மாநில ஊக்கத்தொகை 131, ஆக 2,500. சன்ன ரகத்துக்கு 2,389உடன் 156 சேர்த்து 2,545. டிபிசியில் 40 கிலோ சிப்பம்தான் கணக்கு என்பதால், ஒரு சிப்பம் சரியாக 1,000 ரூபாய்.

இதில் மாநில அரசின் பங்கு எவ்வளவு? 2021-22இல் சாதாரண ரகத்துக்கான ஆதரவு விலை 1,940, மாநில ஊக்கத்தொகை 75. நான்கு ஆண்டுகளில் ஊக்கத்தொகை கூடியது 56 ரூபாய், மத்திய அரசின் விலை கூடியது 429 ரூபாய். சொன்ன தொகை வந்துவிட்டது என்று திமுக சொல்வதும் சரி, பெரும்பகுதி தானாக ஏறியது என்று எதிர்க்கட்சிகள் சொல்வதும் சரி. ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் 3,100 ரூபாய் கொடுக்கிறார்களே என்று டெல்டா விவசாய சங்கங்கள் கேட்பது இதையெல்லாம் பார்த்துத்தான். சாகுபடிச் செலவும் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்த இடத்தில் இல்லை.

கூலிக்குப் போகும் பெண்களிடம் அதே விடியல் வேறு வடிவத்தில் போய்ச் சேர்ந்தது. பெண்களுக்கான இலவசப் பேருந்துத் திட்டத்துக்கு அரசு வைத்த பெயரே ‘விடியல் பயணம்’. பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்கு வேலைக்குப் போகிறவர் தினமும் அந்தச் சொல்லோடுதான் டவுன் பஸ்ஸில் ஏறுகிறார். 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய். இவரிடம் போய் ‘விடியா அரசு’ என்றால் எடுபடாது. டிபிசியில் காத்திருப்பவரிடம் சொன்னால் எடுபடும். இருவரும் ஒரே ஊர், ஒரே பூத்.

எடப்பாடியின் முழக்கத்துக்கு டெல்டாவில் இருக்கும் நிஜமான சிக்கல் இதுதான் என்று தோன்றுகிறது. அது நெல் விற்பவரிடம் பேசுகிறது. எண்ணிக்கையில் அதிகமாக இருப்பதோ நெல் அறுத்தவர். அவருக்கு இந்த முழக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை அதிமுக இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை.

படிக்கணக்கு: 1967இல் நடந்தது

இந்த விற்பவர்-அறுப்பவர் விவகாரம் புதிது இல்லை. தமிழ்நாட்டு அரசியலில் மிகப் பெரிய வெற்றி பெற்ற முழக்கமே அரிசியைப் பற்றியதுதான்: ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’. உணவுப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் சேர்ந்த நேரத்தில் 1967 தேர்தலில் அண்ணாவின் திமுக இதோடு வந்து காங்கிரஸை வீழ்த்தியது. அதன்பின் காங்கிரஸ் இன்றுவரை இங்கே ஆட்சிக்கு வரவில்லை.

ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி திட்டம் முதலில் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. மானியச் செலவு தாங்காமல் மாநிலம் முழுக்க விரிவாக்க முடியவில்லை. மூன்று படி என்ன ஆச்சு என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் காலத்து ‘விடியா அரசு’ கேலி என்று வைத்துக்கொள்ளலாம்.

நகரத்தில் அது அரிசி விலையைப் பற்றிய முழக்கம். கிழக்குத் தஞ்சையில் அதே ‘படி’ என்ற சொல் கூலியைக் குறித்தது. நெல்லைக் கூலியாக அளந்து கொடுத்த காலம் அது. கூடுதலாக அரைப் படி நெல் கேட்டுத் தொழிலாளர்கள் போராடிக்கொண்டிருந்த பகுதியில்தான், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். படியை முழக்கமாக்கி ஆட்சிக்கு வந்த கட்சி அப்போது ஆட்சியில் இருந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969இல், அதற்குப் பிறகுதான் வந்தது.

அரிசி முழக்கம் மட்டும் சாகவில்லை. 2006இல் கிலோ இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய் என்று கருணாநிதி இறக்கினார். 2011இல் ஜெயலலிதா விலையில்லா அரிசி ஆக்கினார். மூன்று படியை எட்டாத அரசியல் கடைசியில் விலையையே எடுத்துவிட்டது. இன்றைக்கு டெல்டாவில் கூலிக்காரர் வீட்டு அடுப்பில் வேகும் ரேஷன் அரிசிக்குப் பின்னால் இரண்டு கட்சிகளும் இருக்கின்றன. அதனால் ‘எங்களால்தான் சாப்பிடுகிறீர்கள்’ என்று எந்தக் கட்சியும் தனியாக உரிமை கொண்டாட முடியாது.

மற்ற கட்சிகள் எங்கே நிற்கின்றன?

திமுக இந்த முறை ‘ஓரணியில் தமிழ்நாடு’ என்று வீடு வீடாகப் போனது. உறுப்பினர் சேர்க்கையில் ஓடிபி கேட்டது சர்ச்சையாகி, அதற்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. கவனித்தீர்களா, எடப்பாடி முழக்கத்தில் ‘தமிழகம்’, ஸ்டாலின் முழக்கத்தில் ‘தமிழ்நாடு’. 2023 ஜனவரியில் ‘தமிழகம்’ என்பதே பொருத்தம் என்று ஆளுநர் ஆர்.என்.ரவி பேசியதிலிருந்து இந்தச் சொல் தேர்வும் அரசியலாகிவிட்டது. சென்னை விவாத மேடைகளில் இது பெரிய விஷயம். நெல் மூட்டைக்குப் பக்கத்தில் இதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

‘உங்க விஜய் நா வரேன்’ என்று பேச்சுவழக்கிலேயே முழக்கம் வைத்த தவெக, நாகையிலும் திருவாரூரிலும் பெரிய கூட்டம் கூட்டியது. ஒரே வாரத்தில், செப்டம்பர் 27 அன்று, கரூர் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அந்தச் சுற்றுப்பயணம் அத்தோடு நின்றது.

இப்போது டெல்டா வயல்களில் நிற்பது சம்பாவும் தாளடியும். பொங்கலை ஒட்டி அறுவடை தொடங்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை டிபிசி வாசல்களில் மறுபடி மூட்டைகள் வரிசைகட்டும். சட்டமன்றத் தேர்தல் அதற்கு அடுத்தாற்போல் வருகிறது. லாரி நேரத்துக்கு வருகிறதா, நெல் பணம் எத்தனை நாளில் பேங்கில் ஏறுகிறது, வைத்த நகை எத்தனை வீட்டுக்குத் திரும்புகிறது என்பதெல்லாம் பிரசாரம் சூடாக இருக்கும் அதே வாரங்களில்தான் தெரியவரும்.